அஞ்சா வண்ணம் படம் பிடித்தல்: ஒரு சிறு வரலாறு

தாய்மண்ணை விட்டுத் தக்காணத்துப் பாறை மேட்டில் குடியேறிய தமிழர் நாம். ஆண்டுக்கு ஒரு முறை இம்மலரின் வழியாக ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசுகிறோம். இலக்கியமும் இசையும் கோயிலும் குடும்பமும் பற்றிப் பல கட்டுரைகள் இம்மலரில் மணம் பரப்பும். எனினும், இவ்வாண்டு சற்றே வேறான பொருளொன்றை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம். காட்டில் வாழும் உயிர்களை அவை அஞ்சா வண்ணம் படம் பிடிக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதே அப்பொருள். இதற்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. ஐதராபாத்திற்கும் உண்டு, தமிழுக்கும் உண்டு.

அகநானூற்றின் நான்காம் பாட்டை நம்மிற் பலர் பள்ளியில் பயின்றிருப்போம். பாடியவர் குறுங்குடி மருதனார். வினை முடித்து வீடு திரும்பும் தலைவன் கார்காலத்துக் காட்டு வழியே தேரில் விரைகிறான். காதலியைக் காணும் ஆவல் அவனை உந்துகிறது. ஆயினும், வழியோரத்து மலர்களில் தம் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஒலி கேட்டுக் கலங்கிவிடுமோ என்று எண்ணி, மணியின் நாவை அசையாதபடி கட்டிவிடுகிறான். தேர் விரைகிறது, மணி ஒலிக்கவில்லை. ஒரு சிறிய உயிரின் அமைதிக்காகத் தன் வருகையின் ஆரவாரத்தை அடக்கிக்கொண்ட அந்த உள்ளத்தைப் போற்றாத தமிழாசிரியர் இலர். போற்றுவது எளிது. ஆனால் கையில் காமிராவோடு நாமே காட்டு வழியில் நிற்கும்போது மணியின் நாவைக் கட்டுகிறோமா?

நாங்கள் கட்டவில்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டு இவ்வரலாற்றைத் தொடங்குவதே முறை.

ஏரிக்கரையில் நேர்ந்தது

சென்ற கோடையில் எங்கள் சங்கத்து நண்பர்கள் எழுவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நகரின் புறத்தே உள்ள ஓர் ஏரிக்குச் சென்றோம். எழுவரிடமும் கருவிகள் இருந்தன. சிலரிடம் நீண்ட ஆடி பொருத்திய காமிரா, ஏனையோரிடம் கைபேசி. நீர் வற்றிய கரையில், சரளைக் கற்களிடையே, ஆட்காட்டிக் குருவியின் முட்டைகள் நான்கைக் கண்டோம். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தரையில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றிக் கூழாங்கற்கள். மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றே. அப்படியொரு காட்சி எளிதில் கிட்டுமா? சூழ்ந்து நின்றோம். குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுத்தோம். தாயும் தந்தையும் தலைக்கு மேல் வட்டமிட்டு ஓயாது கதறின. அக்கதறலையும் ஒருவர் பதிவு செய்துகொண்டார். முக்கால் மணி நேரம் கழிந்தது. வெயில் ஏறியது. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு மீண்டும் சென்றோம். குஞ்சுகளைக் காணலாம் என்ற ஆசை. நான்கு முட்டைகளும் அங்கேயே கிடந்தன. ஒன்று வெடித்திருந்தது, அதனுள் எறும்புகள் புகுந்திருந்தன. பெற்றோர்ப் பறவைகளைக் காணோம். அன்று எங்களோடு வந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தவர், எண்பதை எட்டியவர். அவர் நெடுநேரம் பேசாது நின்று, பிறகு, “தம்பி, ஆட்காட்டி கத்தினால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும் என்று எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும். ஆள் வருகிறான் என்று அது காட்டுகிறது. அந்த ஆள் நீங்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியவில்லையே!” என்றார்.

அச்சொல் எங்களைச் சுட்டது. பிறகுதான் நூல்களைப் புரட்டினோம். ஆட்காட்டி கோடையில் முட்டையிடும் பறவை. அது அடைகாப்பது சூடு கொடுப்பதற்காக மட்டுமன்று. கொதிக்கும் வெயிலில் முட்டை வெந்துவிடாமல் நிழல் தருவதற்காகவும் ஆகும். வெப்பம் மிகும்போது அது நீர்நிலைக்குச் சென்று தன் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கும். அத்தகைய பறவையை முக்கால் மணி நேரம் நாங்கள் வானத்தில் நிறுத்திவைத்திருந்தோம். நாங்கள் எடுத்த படங்கள் மிகத் தெளிவாக அமைந்திருந்தன. அவற்றை யாருக்கும் காட்ட மனம் வரவில்லை.

இதன் பின்னரே, நமக்கு முன் இவ்வழியில் நடந்தோர் என்ன செய்தனர் என்று அறியும் வேட்கை எங்களுக்கு உண்டாயிற்று.

வேட்டைக்காலத்துப் படங்கள்

இவ்வரலாற்றின் முதல் ஏடு நம் ஐதராபாத்திலேயே விரிகிறது. இந்தியப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ராஜா தீன்தயாள் 1844ஆம் ஆண்டில் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் பிறந்தவர். ரூர்க்கிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, இந்தூரில் பணியாற்றுங்கால் இக்கலையில் தேர்ந்தார். 1880களில் ஆறாம் நிஜாம் மஹபூப் அலிகான் அவரைத் தம் அவைப் புகைப்படக் கலைஞராக ஏற்றார். செகந்திராபாத்தில் அவருடைய படநிலையம் புகழுடன் விளங்கியது. அரண்மனைகள், அணிவகுப்புகள், விருந்துகள், பஞ்ச நிவாரணப் பணிகள் எனப் பலவற்றையும் அவர் கண்ணாடித் தகடுகளில் நிலைநிறுத்தினார்.

அவற்றுள் வேட்டைப் படங்களும் உண்டு. 1902ஆம் ஆண்டு வாரங்கல் பகுதியிலுள்ள நெக்கொண்டாவில், அந்நாளைய வைசிராய் கர்சன் பிரபுவும் அவர் துணைவியாரும் வீழ்த்தப்பட்ட வேங்கையின் பின்னே நிற்கும் படம் உலகறிந்தது. தக்காணத்துக் காட்டு விலங்கைப் பற்றி அக்காலம் நமக்கு விட்டுச் சென்ற காட்சிகளிற் பெரும்பாலானவை இத்தகையனவே. படத்தில் விலங்கு இருக்கும், உயிர் இராது.

இதற்காகத் தீன்தயாளைக் குறை கூறுதல் பொருந்தாது. அந்நாளையக் கருவி பெரும் பாரம் உடையது. முக்காலியின் மேல் நிறுத்தப்பட வேண்டியது. தகட்டின் ஒளியுணர்வு குறைவு. தொலைவிலுள்ளதை அருகிற் காட்டும் ஆடிகள் இன்று போல் அன்று இல்லை. அசையாது நிற்கும் பொருளே படத்திற்கு உகந்தது. அசையாத வேங்கை இறந்த வேங்கைதானே? அன்றியும், வேட்டை அக்காலத்தில் வீரத்தின் சின்னமாகவும் விருந்தோம்பலின் பகுதியாகவும் கருதப்பட்டது.

ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் தகும். இதே தீன்தயாள் 1892ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பெண்டிருக்கெனத் தனிப் படநிலையம் ஒன்றை நிறுவினார். கோஷா முறையில் வாழ்ந்த மகளிர் அந்நிய ஆடவர் பார்வைக்கு அஞ்சாமல் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று அங்கே பெண்களையே பணிக்கு அமர்த்தினார். படம் எடுக்கப்படுபவரின் கூச்சத்தை மதித்து, அதற்கேற்ப முறையை மாற்றியமைத்த பெருந்தன்மை அது. மனிதரின் அச்சத்தை உணரக் காலம் கனிந்திருந்தது. விலங்கின் அச்சத்தை உணர இன்னும் கனியவில்லை. 1905ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

பின்னர், 1931, 1932ஆம் ஆண்டுகளில் சலீம் அலி ஐதராபாத் சமஸ்தானத்தின் பறவைகளை ஆராய வந்தார். மாட்டு வண்டியிலும் கூடாரத்திலுமாக நாட்கள் கழிந்தன. துணைவியார் தெஹ்மினாவும் உடன் இருந்தார். அவ்வாராய்ச்சியின் முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் வெளியாயின. தெலுங்கு நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அதனையே அடித்தளமாகக் கொள்கின்றனர். ஆனால் அந்நாளைய அறிவியல் முறைப்படி பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தியே ஆராய வேண்டியிருந்தது. பறவைகளிடம் பேரன்பு கொண்ட அப்பெரியாரும் துப்பாக்கியின்றி அப்பணியைச் செய்ய இயலவில்லை. கருவி மாறினாலன்றி முறை மாறாது. முறை மாறினாலன்றி மனம் நிறைவடையாது.

மாற்றம் தொடங்கிய விதம்

மேல்நாட்டில் மாற்றத்தின் முதற்குரல் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்களிடமிருந்து எழுந்தது. ரிச்சர்டு எழுதுபவர், செர்ரி படம் எடுப்பவர். 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டை அவர்கள் படம் பிடித்தனர். பறவைகள் மனித உருவத்தைக் கண்டு அஞ்சுகின்றன. மேயும் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை. இதை அறிந்த அவர்கள், மரச்சட்டத்தின் மேல் எருதின் தோலைப் போர்த்தி, அதன் வயிற்றினுள் காமிராவோடு புகுந்து நின்றனர். கேட்போர்க்கு நகைப்பூட்டும் இச்செயலின் உள்ளே ஓர் உயர்ந்த கருத்து அடங்கியிருந்தது. பறவையைத் தம்மிடம் வரவழைக்காமல், பறவைக்குப் பழகிய உருவத்துள் தாம் ஒடுங்கினர்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்ற வழக்கறிஞர் முன்பு வேட்டையாடியவர். இரவில் படகின் முகப்பில் விளக்கேற்றி, ஒளியில் மயங்கி நிற்கும் மானைச் சுடுவது வேட்டையாடுவோர் கைக்கொண்ட பழைய முறை. அவர் அதே படகையும் அதே விளக்கையும் வைத்துக்கொண்டு துப்பாக்கியை மட்டும் விலக்கிக் காமிராவை ஏந்தினார். விலங்கே கம்பியை இடறித் தன்னைப் படம் பிடித்துக்கொள்ளும் முறையையும் கையாண்டார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய எழுபதுக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டது. எனினும் அவர் முறையில் குறையும் இருந்தது. வெடிமருந்து போல் தீப்பற்றி ஒளிவிடும் பொடியின் வெளிச்சமும் ஓசையும் விலங்கைத் திடுக்கிடச் செய்தன. உயிர் தப்பியது, அமைதி தப்பவில்லை.

நம் நாட்டில் இம்முறையை வளர்த்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாயிருந்த இவர் துப்பாக்கியை விரும்பாதவர். வேங்கைகள் வழக்கமாக நடக்கும் தடங்களை அறிந்து, அங்கே கம்பி கட்டி, இரவில் தாமாகவே அவை படமாகும்படி செய்தார். 1925ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் வெளியான அவருடைய படங்கள் தன் காட்டில் தன் விருப்பப்படி உலவும் வேங்கையை உலகிற்குக் காட்டின. 1927இலும் 1934இலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன.

வேட்டைக்குப் பெயர்பெற்ற ஜிம் கார்பெட்டும் பின்னாளில் சலனப்படக் காமிராவை ஏந்தினார். காமிராவின் மெல்லிய இரைச்சலைக் கேட்டே வேங்கைகள் விலகுவதைக் கண்ட அவர், காட்டோடை ஒன்றில் சிறு சிறு அணைகள் கட்டி, நீர் விழும் ஓசையில் கருவியின் ஓசை அமிழ்ந்துபோகும்படி செய்தார். மணியின் நாவைக் கட்டிய தலைவனை இங்கே நாம் நினைவுகூராமல் இருக்க முடியுமா? காலம் வேறு, நாடு வேறு, உள்ளம் ஒன்று.

ஆனால் அதே காலத்தில் மற்றொரு காட்சியும் நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டில் மத்திய இந்தியாவின் கொரியா சமஸ்தானத்து அரசர் இரவில் மோட்டார் வண்டியில் செல்லுகையில் விளக்கொளியில் அகப்பட்ட மூன்று சிவிங்கிப் புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். அவற்றின் உடல்களோடு அவர் நிற்கும் படம் எஞ்சியுள்ளது. 1952ஆம் ஆண்டில் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் தக்காணத்து மேட்டிலும் மான் துரத்திய விலங்கு அது. ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்து மத்தியப் பிரதேசத்துக் காட்டில் விடுவதற்கு 2022ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தமிழர் தந்த கொடை

இத்துறையில் தமிழகம் தந்த பெருங்கொடை மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையாவின் மகன் இவர். 1912ஆம் ஆண்டு பிறந்தார். சில காலம் பெல்லாரிப் பகுதியிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் வேறு பல பொறுப்புகளிலும் பணிபுரிந்தார். தக்காணத்துப் பாறைக் குன்றுகள் நமக்குப் போலவே அவருக்கும் பழகிய நிலம். நாடு விடுதலை பெற்றபின் சென்னை திரும்பி, எந்த அலுவலகத்தையும் சாராமல் எழுத்தையும் படத்தையுமே வாழ்வாக்கிக்கொண்டார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய அவருடைய பத்தி, 1996ஆம் ஆண்டு அவர் மறையும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாது வெளிவந்தது. தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாகப் பின்னர் தொகுக்கப்பட்டன. சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த தோய்வு உடையவர்.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்ட பெரிய காமிரா ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு வேடிக்கையாக ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். முதுமலை போன்ற காடுகளில் பழக்கப்பட்ட யானையின் முதுகிலமர்ந்து காட்டு யானைகளையும் காட்டு மாடுகளையும் அணுகினார். யானையின் மேலிருக்கும் மனிதனைக் காட்டு விலங்குகள் தனி மனிதனாகக் கருதி வெருளுவதில்லை. கியர்ட்டன் சகோதரர்களின் பொய் எருது செய்த பணியை இங்கே மெய் யானை செய்தது. ஜவஹர்லால் நேரு நினைவு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னிந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1975ஆம் ஆண்டில் நூலாயிற்று. பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தது.

அவருடைய படங்களைக் கூர்ந்து நோக்குங்கள். விலங்கு தன் மரத்தோடும் தன் புல்லோடும் தன் கூட்டத்தோடும் காணப்படும். தாய் யானையின் காலிடையே கன்று நிற்கும். அத்தாயின் காது விறைத்து விரியவில்லை, துதிக்கை உயரவில்லை. அந்த நிம்மதியே படத்தின் சிறப்பு.

தஞ்சைத் தரணியிற் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த தி. ந. அ. பெருமாளும் நம் போற்றுதலுக்குரியவர். அவருடைய படங்கள் பன்னாட்டுக் கண்காட்சிகளில் பாராட்டுப் பெற்றன. 2017ஆம் ஆண்டு மறையும் வரை இளைஞர் பலருக்கு அவர் ஆசானாக விளங்கினார். தாயகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழர் ஒருவர் தாம் குடியேறிய மண்ணின் உயிர்களுக்குச் செய்த தொண்டு என்ற வகையில், அவர் வாழ்வு நமக்கு நெருக்கமானது.

அச்சத்தின் இலக்கணம்

இனி, இக்கலையின் அடிப்படையைச் சிறிது காண்போம். சுவிட்சர்லாந்து நாட்டு விலங்கியலறிஞர் ஹைனி ஹெடிகர் 1942ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஒரு கருத்தைத் தெளிவாக்கினார். ஒவ்வொரு விலங்கிற்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதனைத் தாண்டிப் பகை நுழைந்தால் அது ஓடும். ஓட வழியின்றி மேலும் நெருங்கினால் திரும்பித் தாக்கும். இவ்வெல்லை இனத்திற்கு இனம் வேறுபடும். இடத்திற்கு இடமும் வேறுபடும். வேட்டையாடப்பட்ட காட்டில் அது நீளும். காக்கப்பட்ட காட்டில் அது சுருங்கும். குட்டியோடு இருக்கும் தாய்க்கு அது இன்னும் பெரிது.

ஓடுவதற்கு முன்பே விலங்கு நமக்கு எச்சரிக்கை தருகிறது. மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான் தலை நிமிர்த்தி, வாலை உயர்த்தி, முன்னங்காலால் தரையை உதைக்கும். யானை காதுகளை விரித்து நேர்முகமாக நிற்கும். மந்தி மரக்கிளையிலிருந்து கரகரத்த குரல் எழுப்பும். ஆட்காட்டியைப் பற்றி நாங்கள் கற்ற பாடத்தை முன்னரே கூறினோம். இவை யாவற்றுக்கும் பொருள் ஒன்றே: ‘போதும், நில்.’ அக்கணம் நின்றவன் விலங்கின் நம்பிக்கையைப் பெறுவான். மேலும் ஓரடி வைத்தவன் படத்தையும் இழப்பான். அவ்விலங்கு உண்ண வேண்டிய உணவையும் குடிக்க வேண்டிய நீரையும் பறித்தவனாவான்.

மறைவிடத்திலிருந்து படம் எடுப்போர் பழங்காலந்தொட்டு ஓர் உத்தியைக் கையாள்வர். இருவர் மறைவிடத்துள் புகுவர். சற்று நேரத்தில் ஒருவர் வெளியேறி நடப்பார். எண்ணத் தெரியாத பறவை, வந்தவர் போய்விட்டார் என்று அமைதியுறும். நிறுத்திய மோட்டார் வண்டியும் நல்ல மறைவிடமே. கதவைத் திறந்து இறங்காதவரை விலங்குகள் பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. காற்று நம்மிடமிருந்து விலங்கை நோக்கி வீசாதவாறு நிற்றல், நேராக நடவாமல் பக்கவாட்டில் மெல்ல நகர்தல், கண்ணோடு கண் வைத்து உறுத்து நோக்காமை, உயரத்தைக் குறைத்து அமர்தல் ஆகியன யாவும் மூத்தோர் கண்ட வழிகள். இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பொறுமை ஒன்றே தேவை.

ஆளில்லாக் காமிரா

கம்பி கட்டிய சாம்பியனின் முறை இன்று பேருருவம் எடுத்துள்ளது. கர்நாடகத்து அறிஞர் உல்லாஸ் காரந்த் நாகரஹொளேக் காட்டில் தானியங்கிக் காமிராக்களை நிறுவி, வேங்கையின் வரிகள் மனிதனின் கைரேகை போல் தனித்தன்மை உடையவை என்பதைக் கொண்டு அவற்றைக் கணக்கிடும் முறையை வகுத்தார். 1995ஆம் ஆண்டில் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 2018ஆம் ஆண்டு அகில இந்திய வேங்கைக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. அவற்றுள் வேங்கைகள் இருந்தவை 76,651. நாட்டில் வேங்கைகள் 2,967 என மதிப்பிடப்பட்டது. நம் நகரிலிருந்து ஸ்ரீசைலம் செல்லும் சாலை ஊடறுத்துச் செல்லும் அம்ராபாத் காட்டிலும், வடக்கே கவ்வால் காட்டிலும் இக்கருவிகள் இன்று மரத்தோடு மரமாய் நின்று பணிபுரிகின்றன. வேங்கையைக் கண்டறியத் துப்பாக்கி ஏந்திச் சென்ற தக்காணத்தில், இன்று அதனை அறிய மனிதன் அங்கே இருக்க வேண்டியதே இல்லை.

ஆயினும் கருவி முற்றிலும் குற்றமற்றது என்று எண்ணிவிடலாகாது. அக்காமிராக்களின் நுண்ணொலியையும் கண்ணுக்குப் புலப்படாதென நாம் நினைக்கும் ஒளியையும் விலங்குகள் பல உணர்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் காட்டினர். நம் செவிக்கு எட்டாத மணியோசை அவற்றின் செவிக்கு எட்டுகிறது.

சட்டமும் மனமும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்றே வகுத்துள்ளது. சரணாலயத்தினுள் விலங்கைச் சீண்டுவதும் குற்றம். இதனைப் படித்தபோது நாங்கள் தலைகுனிந்தோம். கையில் துப்பாக்கி இல்லாதவரும் வேட்டையாடியவர் ஆகலாம் என்பதை அச்சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. புகைப்படப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதில்லை.

எனினும், சட்டத்திற்கு முன்பே மனத்தால் இதனைக் கண்டவர் நம் நாட்டு ஊரார். செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாதென்று வேண்டி, 1798ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் அதற்குரிய உரிமையைப் பெற்றனர். சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் வெருளும் என்பதே காரணம். புத்தாடை உடுத்திய சிறுவர், வெடி கேட்டு அழாமல், பறவைகளுக்காகப் பண்டிகையை அமைதியாகக் கொண்டாடுகின்றனர். மணியின் நாவைக் கட்டிய அந்தத் தேர் இன்னும் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் ஐதராபாத்திலும் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. நிஜாமின் வேட்டைக் களமாயிருந்த நிலம் 1975ஆம் ஆண்டில் மகாவீர் ஹரிண வனஸ்தலி எனப் பெயர் பெற்று, இரலை மான்களின் புகலிடமாயிற்று. பல்லுயிர் மரபிடமாக 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அமீன்பூர் ஏரிக்கு ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வருகின்றன. அவையும் நம்மைப் போல் தொலைவிலிருந்து வந்து இம்மண்ணில் இடம் தேடுபவைதாம். புதிய ஊரில் கால் வைத்த அந்நியனின் உள்ளம் எத்தகையதென்று நமக்குத் தெரியாதா? அச்சுறுத்தாமல் இடம் கொடுத்த அண்டை வீட்டாரை நாம் மறப்போமா?

இவ்வாண்டு கோடையில் அதே ஏரிக்கு மூவர் மட்டும் சென்றோம். மூத்தவரும் உடன் வந்தார். கருவேலம் புதரொன்றின் நிழலில், அறுபது அடிக்கு அப்பால் அமர்ந்தோம். ஆட்காட்டி ஒருமுறை கத்தியது. நாங்கள் மேலும் பின்வாங்கினோம். மீண்டும் கத்தவில்லை. சற்று நேரத்தில் அது நீர் விளிம்பிற்கு நடந்து சென்று, வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, சரளைக் கற்களிடையே மெல்ல அமர்ந்தது. அப்போதுதான் ஒரே ஒரு படம் எடுத்தோம். அதில் பறவை மிகச் சிறிதாகவே தெரிகிறது. பார்ப்பவர் தேடித்தான் காண வேண்டும். அப்படத்தை எங்கள் சங்க நூலகத்தின் சுவரில் மாட்டியிருக்கிறோம். அன்பர்கள் ஆண்டு விழாவிற்கு வரும்போது சற்று நின்று பாருங்கள். படம் சிறப்பாக இருக்கிறதா என்று கேட்க மாட்டோம். பறவை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்போம்.